சால்வையின் விலை

"சட்டத்தை நம்மால திருத்த முடியாது. விலையைத் திருத்தலாம்ல?" என்றார் ரொட்டிக்கடை டில்.

பன்னிரண்டு ஜூரிகளுக்கும் அவர்தான் தலைவர். லண்டன் நீதிமன்றத்தின் பின்னறையில் அவர்களை உள்ளே விட்டுப் பூட்டியிருந்தார்கள். ஜனவரிக் குளிர். பன்னிரண்டு பேரும் ஒரே தீர்ப்புக்கு வரும்வரை அடுப்புக் கிடையாது, சாப்பாடும் கிடையாது.

மேசைமேல் அந்தப் பட்டுச் சால்வை கிடந்தது. ஹெஸ்டர் என்ற பதினேழு வயது வேலைக்காரப் பெண், எஜமானர் லார்க்கம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தது.

"எடுத்ததுதான் எடுத்தா, அதையே போத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை எஜமானியம்மா போற சர்ச்சுக்கே போயிருக்கா. திருடக்கூடத் தெரியலையே கழுதைக்கு!" என்றார் கசாப்புக்கடை கோப்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி, வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமானப் பொருளைத் திருடினால் தூக்கு. ஒரு ஷில்லிங் குறைந்தால் கப்பலேற்றிக் கடல் கடந்து அனுப்புவார்கள்; உயிர் மிஞ்சும். பெறுமானம் எவ்வளவு என்று சொல்வது ஜூரிகள்.

"முப்பத்தொன்பதுன்னு சொல்லிடுவோம். பதினோரு பேர் சரிங்கறோம். நீங்க என்ன சொல்றீங்க, வென்?" என்றார் டில்.

ஜன்னலோரம் நின்றிருந்தவர் சைலஸ் வென். துணி வியாபாரி. காலையிலிருந்து அவர் பேசியது பத்து வார்த்தை இருக்காது. மெல்ல வந்து சால்வையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"எண்பதுக்குக் குறையாது."

"அதைத்தான் லார்க்கமும் சொன்னாரே! எண்பது கொடுத்து வாங்கினேன்னு நம்ம பக்கம் பாத்து ஒரு சிரிப்பு வேற. ஒரு பொண்ணைத் தூக்குல போடப்போறாங்க, மனுஷனுக்கு அதுல என்ன சிரிப்போ" என்றார் டில்.

"இதுல ஒரு இழை மட்டம் கிடையாது" என்றார் வென்.

"யோவ், நீ இழையை எண்ணிக்கிட்டிரு. அங்க அவ கழுத்துக்குக் கயிறு முறுக்கிட்டிருக்காங்க" என்று கோப் சீறினார்.

டில் அவரைக் கையமர்த்தினார். "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றதான்னு பயப்படறீங்களா, வென்? நானும் பொய்னு தெரிஞ்சுதான் சொல்றேன். அந்தப் பொண்ணு தொங்கறதைப் பாக்கறதைவிட இந்தப் பாவம் இலேசு."

"சத்தியத்துக்காக இல்ல."

வென் மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். கோப்பின் வயிறு உறுமியது. நாளெல்லாம் துணியையே பார்க்கிறவன் கண்ணுக்கு மனுஷி தெரியமாட்டாள் போலிருக்கிறது என்று டில் நினைத்துக்கொண்டார். நினைக்க நினைக்க அவருக்குக் கசந்தது.

வெகுநேரம் கழித்து வென் திரும்பாமலே கேட்டார்:

"விலையை எல்லார் முன்னாலயும் உரக்கச் சொல்லணுமோ?"

"பின்னே, நீதிபதி காதுலயா சொல்லுவாங்க?" என்றார் கோப். "நாளைக்கே வழக்கு விவரத்தை அச்சடிச்சுத் தெருத்தெருவா வித்துடுவானுங்க."

"உங்களுக்கென்ன அதுல?" என்றார் டில். "எழுந்து சொல்லப்போறது நான். உங்க பேருக்கு ஒண்ணும் வந்துடாது."

வென் அவரை ஒரு கணம் பார்த்தார். சால்வையை எடுத்து, கடையில் மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, மேசையில் வைத்தார்.

"சரி. முப்பத்தொன்பது."

நீதிமன்றத்தில் டில் எழுந்து நின்றார். "குற்றவாளிதான், பிரபுவே. ஆனால் பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங்."

கூண்டிலிருந்த ஹெஸ்டருக்கு எதுவும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி ஏன் தன் தோளைத் தட்டுகிறான் என்று விழித்தாள்.

லார்க்கம் துள்ளி எழுந்தார்.

"அநியாயம்! எண்பது ஷில்லிங் கொடுத்தேன் பிரபுவே! லண்டன்லயே நாணயமான கடைன்னு தேடிப் போய் வாங்கினேன். வேணும்னா வித்தவரையே கேளுங்க, அதோ ஜூரிகள்ல கடைசியா உக்காந்திருக்காரே, சைலஸ் வென்!"

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. டில்லும் திரும்பினார்.

வென் மெல்ல எழுந்தார்.

"முப்பத்தொன்பது பெறுற சரக்குதான், பிரபுவே. இவர்கிட்ட ஏமாத்தி வித்தேன்."