உப்பில்லாத ரொட்டி

ஆங்கிலப் பாடத்தில் வரும் கதையை, வாசிக்கும் பிள்ளையின் மனசுக்குத் தக்கபடி அவரவர் கையிலுள்ள டேப்லெட் மாற்றித் தரும் என்பது பிரிசில்லா டீச்சருக்குத் தெரியும். யாருக்கு என்ன மாறுகிறது என்பதுதான் தெரியாது. அன்றைக்கு ஆவல் தாங்கவில்லை.

"இன்னைக்குப் பழைய மாதிரி நடத்துவோம். கடைசிப் பக்கத்தை ஒவ்வொருத்தரா சத்தமா வாசிங்க."

ரொட்டி சுட்டு விற்கும் ஓர் அம்மாவும் மகளும்தான் கதை. முதல் மூன்று பேர் வாசித்ததிலும் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். நான்காவதாக எழுந்த மாரிச்செல்வி வாசித்ததில் அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள்.

மாரிச்செல்வியின் அம்மா தவறிப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் டீச்சர் அம்மா பிழைச்சுட்டாங்க?"

இந்த வேண்டாத வேலை நமக்கெதற்கு என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டார். அதற்குள் மாரிச்செல்வி பக்கத்துப் பெண்ணின் டேப்லெட்டை வாங்கி, வரிவரியாக விரலை ஓட்டினாள். பிடுங்கப்போன டீச்சர், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அது அழுகிற முகமாக இல்லை. எதையோ தேடுகிற முகம்.

"டீச்சர், இதுல அம்மா செத்த மறுநாள் காலையில அந்தப் பொண்ணே ரொட்டி சுடுறா. உப்புப் போட மறந்துடுறா. அவ அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுடுறாரு."

நிமிர்ந்தாள்.

"எங்கப்பாவும் ஒண்ணும் சொல்லல டீச்சர்."