ஐந்நூறும் ஐந்நூறும்

சாம்சன் கொடுத்தது ஐந்நூறு ஜிபி டிஸ்க் இரண்டு. திரை காட்டுவதோ ஐந்நூறுக்கும் கொஞ்சம் குறைச்சல்.

அப்படியானால் இன்னொரு டிஸ்க் எங்கே?

பெருநகர் வட்டாரத்தில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் அவன்தான் வீடியோ எடுப்பான். எடுத்ததையெல்லாம் வீட்டிலேயே பத்திரமாக வைக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, இரண்டு டிஸ்க்கையும் மாட்டித்தர உத்திரமேரூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஆள் கேட்டிருந்தான். தேவகி வந்தாள். வேறொருவரைத்தான் அனுப்புவதாக இருந்ததாம். சாம்சன் வீடியோ என்றதும் தானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

அப்போதே அவனுக்கு உறுத்தியது. போதாக்குறைக்கு எங்கேயோ பார்த்த முகம்.

அவன் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் பெட்டியை மூடி ஸ்குரூ முடுக்கியிருந்தாள். பிறகு பழைய டிஸ்க்கில் இருந்த கல்யாணங்களைப் புதியதற்கு மாற்றினாள். மாற்றினால் போதாதா? 2005 ஃபோல்டரை மட்டும் திறந்து ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தாள். நடுவில் கைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே வைத்தாள்.

ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் இவளுக்கு என்ன வேலை?

"இன்னாம்மா, ஆயிரம் இருக்கணும், பாதிதான கீது?" என்று கேட்டான். கை கழுவிவிட்டு வந்து சொல்வதாகக் கொல்லைப்பக்கம் போனாள்.

பை நாற்காலியிலேயே இருந்தது.

பொம்பளை பையில் கை வைப்பது கூச்சமாகத்தான் இருந்தது. டிஸ்க் பெரிதா, கூச்சம் பெரிதா? திறந்துவிட்டான்.

டிபன் பாக்ஸ். ஸ்குரூ டிரைவர். அதற்கடியில் கெட்டியாக ஏதோ கையில் பட்டது. மாட்டினாள் என்று வெளியே எடுத்தான்.

சிடி கவர். அவன் ஸ்டூடியோ கவரேதான்.

பூவும் மேக்கப்புமாக மணப்பெண் தேவகி. பக்கத்தில் தாரை வார்க்கிற அப்பா. கீழே, 2005 ஆவணி.

கவரை முதலில் அச்சடித்துப் பெண் வீட்டில் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். சிடி பின்னால் போகும். இந்தக் கவருக்குப் போகவில்லை. அந்த மாதம்தான் அவனுடைய டிஸ்க் எரிந்துபோனது.

மூன்று தடவை கேட்டு வந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அவர் நடந்து வருகிற இடம் மட்டுமாவது இருந்தால் போதும் என்றாள். கம்ப்யூட்டர் போனதற்கு நான் என்ன செய்ய என்று, கேமராவைத் துடைத்துக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினான்.

சாம்சனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கவரைத் திறக்கவில்லை. உள்ளே ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத்தான் தெரியுமே.

நிமிர்ந்தால், கொல்லைக் கதவருகே தேவகி. முந்தானையில் கை துடைத்தபடி அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"ரெண்டு டிஸ்க்கும் பெட்டியிலதான் கீதுண்ணா. எதப் போட்டாலும் ரெண்டுலயும் எழுதிக்கும். ஒண்ணு எரிஞ்சாலும் இன்னொண்ணுல இருக்கும். இனிமே யாருக்கும் போவாது."