காக்கை செருமிய காலை

நம்பினால் நம்புங்கள், எங்கள் முருங்கை மரத்தில் நடந்ததுதான்.

அன்று காலையில் காக்கை கரைந்தது. "விருந்தாளி வரப்போகுது" என்று வேலாத்தா கோழிக்குழம்புக்கு மசாலா வறுத்து அரைக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் வளர்த்த கோழி பதறிப் பறந்து, காக்கை இருந்த உச்சிக் கிளைக்கே போய்ச் சேர்ந்தது.

"ஏண்டா ஓட்டைவாயா, உன்னால என் உயிர் போகுதே!"

"தொண்டை கரகரத்தது அக்கா, செருமினேன். விருந்தாளியாவது, ஒண்ணாவது!"

ஆனால் மசாலா வாசம் தெருக்கோடி வரை போய்விட்டதே! சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வேலாத்தாவின் அண்ணன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன அம்மிணி, கோழியா?"

வேலாத்தாவுக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கோழியோ கைக்கு எட்டாத உயரத்தில். வீட்டிலிருந்த பலாப்பிஞ்சை நறுக்கிக் குழம்பில் போட்டாள்.

அண்ணன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நாட்டுக்கோழின்னா நாட்டுக்கோழிதான்! எலும்பே இல்லாம, பஞ்சு மாதிரி!"

அதைக் கேட்ட கோழிக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கொக்கரிக்கப் போனது.

காக்கை சட்டென்று சிறகால் அதன் அலகைப் பொத்தியது. "சும்மா இரு அக்கா, நீ இப்போ குழம்புல கிடக்கிற!"