பூனை வாயடைத்து நிற்கிறது

சனிக்கிழமை முற்பகல் வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பள்ளிக் கணினி அறையின் மேசைமேல் வரிவரியாகப் போட்டிருக்கிறது. பிரியாணிக் கடையில் ஒத்தாசைக்கு ஆள் இல்லை, மகளை இனி இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் நசீம் பானு வந்திருக்கிறாள். விடிந்ததிலிருந்து உரித்த சின்ன வெங்காயம் அவள் விரல்களில் இன்னும் மணக்கிறது. ஏழாவது படிக்கும் ரஃபியா விடுவதாயில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்கார வைக்கிறாள். "நான் செஞ்ச பூனைம்மா. கேள்வி கேக்கும், பதில் அடிங்க." திரையில் மஞ்சள் பூனை வாலை ஆட்டுகிறது. 'சாப்டியா?' தினமும் தான் கேட்கிற கேள்வியை ஒரு பூனை தன்னிடம் கேட்கிறதே என்று நசீம் பானுவுக்குச் சிரிப்பு வருகிறது. விசைகளில் ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி, ஒற்றை விரலால் உள்ளதை அடிக்கிறாள்: 'இல்ல.' பூனை அப்படியே நிற்கிறது, வால்கூட ஆடவில்லை. "என்னடி, பேச்சக் காணோம்?" ரஃபியா நகத்தைக் கடிக்கிறாள். "ஆமான்னா, தொட்டுக்க என்ன வெஞ்சனம்னு கேக்கும்மா. இல்லன்னா என்ன செய்யணும்னு அடுத்த சனிக்கிழமதான் சொல்லித் தாராங்களாம்." டீச்சர் அருகில் வந்து நிற்கிறார். நசீம் பானு முக்காட்டைச் சரிசெய்கிறாள். வந்த விஷயம் வாய்க்கு வரவில்லை. பூனையையே பார்த்தபடி மகளிடம் சொல்கிறாள்: "சாப்பிடலன்னு சொல்றவகிட்ட இப்பிடியா முழிச்சுக்கிட்டு நிக்கிறது? அடுத்த வாரமும் வந்து, இதுக்குப் பேசக் கத்துக்குடு."