ஒரு காலனுக்கு எத்தனை கல்?

"எட்டுக் கல்லு! ஒரு காலனுக்கு எட்டே எட்டுக் கல்லு! இது லாரியாடா, இல்ல டீசல் குடிக்கிற பேயா?"

ஜெகபர் அலி ராவுத்தர் போட்ட சத்தத்தில் வியாகுலம்மாள் டீக்கடைப் பெஞ்சிலிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். வத்தலக்குண்டு ரோட்டில், செம்பட்டிக்கு இந்தப் பக்கம், அவருடைய லாரி பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு கடை வாசலிலேயே டீசல் தீர்ந்து நின்றது. இரண்டிலும் உப்புத் தோல் பாரம். நாற்றத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

லாரியின் மீட்டர் முள் செத்து மூன்று வருஷம். புது மீட்டர் வாங்க ராவுத்தருக்கு மனசு வராது. ஆகவே சோதனை இப்படி: ஒரு காலன் டீசலை டின்னில் ஊற்றி டிரைவர் பக்கம் தொங்கவிட்டு, அதிலிருந்தே இஞ்சினுக்குக் குழாய் கொடுத்து, தோல் பதனிடுகிற தோல்ஷாப் வாசலில் கிளம்பி, ரோட்டோரக் கல்லை எண்ணிக்கொண்டே வர வேண்டும். வண்டி நிற்கிற இடம்தான் கணக்கு.

"நான் டீசல் திருடலன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சா முதலாளி?" என்றார் டிரைவர் ஒச்சப்பன்.

"நீ திருடல. எல்லாம் இந்த மெக்கானிக்கோட லட்சணம்!" என்று ராவுத்தர் ரஹ்மத்துல்லா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வண்டிப் பாரத்தை ஒரு இஞ்சின் இழுக்குது பாய். நாசிலைக் கழுவி, பம்பைச் சரி பண்ணுனா ஒம்பது வரும்."

"ஒம்பதா? எனக்குப் பன்னெண்டு வேணும்டா!"

"பன்னெண்டு வந்தா?"

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. ரஹ்மத்துல்லா தன் தாயாரை அனுப்பி ராவுத்தர் மகள் நர்கீஸைப் பெண் கேட்டதும், 'கிரீஸ் கைக்கு எங்க வீட்ல பொண்ணு இல்ல' என்று பதில் வந்ததும் தெருவுக்கே தெரியும். ராவுத்தரின் தொப்பம்பட்டி அக்கா மகன் அப்துல் கையூம்தான் மாப்பிள்ளை என்று அந்த வீட்டில் பேச்சு.

ராவுத்தர் ரஹ்மத்துல்லாவை மேலும் கீழும் பார்த்தார். "வந்தா நர்கீஸை உனக்கே நிக்காஹ் பண்ணித் தாரேன். வரலைன்னா பட்டறையை மூடிட்டு ஊரை விட்டே போயிரணும். சம்மதமா?"

"ரெண்டு நாள் குடுங்க பாய்!"

"ஏன்டா பறக்குறே? ஒரு மாசம் எடுத்துக்க. இதே ரோட்டுல, இதே பாரத்தோட பாப்போம்."

எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷர் ஒரு மாதம் தவணை கொடுத்ததைப் பெஞ்சு மொத்தமும் மெச்சியது.

அந்த மாதம் ரஹ்மத்துல்லா சோறு தண்ணியை மறந்தான். நாசிலைக் கழற்றினான், பம்பைத் திருகினான், காற்று வடிகட்டியைத் தட்டினான், டயருக்குக் காற்று அடித்தான். நர்கீஸும் சும்மா இருக்கவில்லை. பட்டறை தெரிகிற சன்னலை நாளைக்கு நாலு தடவை துடைத்தாள். புகை குறைந்ததே தவிர, அவன் கணக்குக்கு ஒன்பதுகூட எட்டவில்லை. சோதனைக்கு முந்தின நாளே ஸ்பானர்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டான், பாவம்.

மறுநாள் மூன்று பேரும் ஏறினார்கள். ரோட்டோரக் கற்கள் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றதால் எண்ணுவதும் சுலபம்.

"வண்டி வேகமும் கூடிருச்சு முதலாளி! கல்லு சட்டுச் சட்டுன்னு வருது!" என்று ஒச்சப்பன் கூவினார்.

எட்டு போனது. பத்து போனது. பன்னிரண்டும் போனபோது ரஹ்மத்துல்லா தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். பதிமூன்றாவது கல்லோரம் இருமி, குலுங்கி, வண்டி நின்றது.

வியாகுலம்மாள் டீயோடு வந்தாள். "என்ன ராவுத்தரே, உங்க வண்டிக்கு என் கடையைத் தாண்ட மனசே வராதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தர் மட்டும் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "சொன்னா சொன்னதுதான்" என்றார்.

நிக்காஹ் முடிந்தது. அப்துல் கையூம் விருந்துக்குக்கூட வராமல், கோபத்தில் பழனியில் பெண் கட்டி அங்கேயே போய்விட்டான். ஒச்சப்பன் ஆத்தூரில் மகள் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். ரஹ்மத்துல்லா பட்டறையை மூடிவிட்டு மாமனார் வீட்டு மாடிக்குக் குடிவந்தான்.

மூன்று வருஷத்தில் லாரி மூன்றானது. விடிந்தால் ஒன்றுக்கு அடியில், அடைந்தால் இன்னொன்றுக்கு அடியில் மாப்பிள்ளை. கூலி என்று வாயெடுத்தால், "சொந்த வண்டிக்கு எவனாச்சும் கூலி கேப்பானா?" என்பார் மாமனார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கிரீஸ் கையோடு எழுந்து வந்து எதிரே நின்றான்.

"மாமா, உண்மையைச் சொல்லிடுறேன். அன்னைக்கு வண்டி பதிமூணு மைல் ஓடவே இல்ல. பழைய மைல் கல்லைப் பிடுங்கிட்டுக் கிலோமீட்டர் கல்லு நட்டுட்டாங்க. கல்லுதான் கிட்ட வந்துச்சு, மைலேஜ் கூடல. நிக்காஹ் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

ராவுத்தர் வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்குச் சோதனைக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும் மாப்ளே."