மணல் ரோட்டுக்கு நாலு ரயர்

“பிள்ளை, ரயர் விஷயம் கதைக்கவேணும். உள்ளுக்கு ஆம்பிளையள் ஆரும் நிக்கினமோ?”

மோர்னிங்சைட்டில் உள்ள அந்த ரயர் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்ற சாம்பவி சிரித்தாள்.

“இல்லை அங்கிள். கடை என்ரதான். சொல்லுங்கோ.”

அருள்நாயகம் எட்டி உள்ளே பார்த்தார். உண்மையாகவே வேறு ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் சொல்லத் தொடங்கினார்.

சிம்கோவுக்குக் கிட்ட இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெண்டியும் கத்தரியும் போட்டிருக்கிறார். கிழமைக்கு மூன்று தரம் பிக்கப் வண்டியில் போய் வருவார். இரண்டு மணித்தியாலம் ஹைவே. கடைசி ஒரு கிலோமீற்றர் வெறும் மணல். போன கிழமை ஏற்றின மரக்கறியோடு பிக்கப் மணலில் புதைந்து, பக்கத்துத் தோட்டக்காரன் டிராக்டர் கொண்டுவந்துதான் இழுத்துவிட்டான்.

“அதுதான், உந்தப் பெரிய பல்லு ரயரில நாலு போடு.”

“அது சேத்துக்குள்ள ஓடுற ரயர் அங்கிள். மணலைக் கிண்டிக் கிண்டி இன்னும் கீழதான் போகும். மழை பெய்தால் ஹைவேயில பிரேக்கும் வடிவாய்ப் பிடிக்காது.”

பல் சிறிதாக இருந்த இன்னொரு ரயரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“இது ஓல் டெரைன். ஹைவேக்கும் மணலுக்கும் சரி. மணலுக்குள்ள இறங்க முந்திக் கொஞ்சம் காத்தைக் குறையுங்கோ. ரயர் பரந்து நிண்டு தாழாமப் போகும். ஹைவேக்கு ஏற முந்தித் திருப்பி அடியுங்கோ. சின்னப் பம்ப் ஒண்டு வச்சிருந்தால் காணும்.”

காற்றைக் குறைப்பதா? காற்றுக் குறைந்தால் ரயர் கெதியாகத் தேயும். தேய்ந்தால் திரும்பவும் இவளிடம்தானே வரவேண்டும்!

“உதென்ன, மற்றதை விட விலை கூடவோ?”

“இல்லை அங்கிள். குறைவு.”

அருள்நாயகத்துக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. விலை குறைந்ததை எந்த வியாபாரி வலியக் காட்டுவான்?

“விக்காமக் கிடக்கிற பழைய சாமானோ?”

சாம்பவி ரயரின் பக்கத்தில் பதித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினாள். “செய்த கிழமையும் வருசமும் இதில கிடக்கு. இந்த வருசத்துச் சாமான்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். பிறகு போனை எடுத்து ஒரு படமும் பிடித்தார்.

“நீ எத்தினை வருசமாய் உந்த வேலை?”

“பதினொரு வருசம். முதல் ஆறு வருசமும் லொறிக் கராஜில.”

“லொறிக் கராஜில... நீ?”

“ஓம், நான்தான்.”

“கொஞ்சம் பொறு பிள்ளை. எனக்கு விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்.”

வெளியே வந்து சண்முகநாதனுக்குப் போன் எடுத்தார். வெக்ஸ்போர்ட்டில் முப்பது வருடமாகக் கராஜ் நடத்துகிறவர்.

“அண்ணை, ஒரு ரயர் கடையில நிக்கிறன். ஒரு பெட்டை என்னைச் சுத்தப் பாக்குது. நீங்கள் சொல்லுங்கோ, ஹைவேக்கும் மணலுக்கும் என்ன ரயர் நல்லம்?”

“பத்து நிமிசம் பொறடாப்பா. கையெல்லாம் ஒயில். திருப்பி எடுக்கிறன்.”

காத்திருந்தார். கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாம்பவி போனைக் காதில் வைப்பது தெரிந்தது. பேசிக்கொண்டே இவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரல் வெளியே கேட்காதபடி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆரோடு உந்தக் கதை? அதுவும் என்னைப் பார்த்துப் பார்த்து?

எதற்கும் இருக்கட்டும் என்று பிக்கப்பை நாலு பக்கமும் சுற்றிவந்து படம் எடுத்துவைத்தார்.

போன் அடித்தது.

“அருள், பல்லு ரயர் வேண்டாம். ஓல் டெரைனைப் போடு. மணலுக்குள்ள காத்தைக் குறை, ஹைவேயில திருப்பி அடி. விளங்கிச்சோ?”

“நீங்கள் சொன்னால் சரி அண்ணை.”

உள்ளே போனார்.

“உந்த ஓல் டெரைனையே பூட்டு பிள்ளை. நீ சொன்னதுக்காக இல்லை. அனுபவமுள்ள ஒரு ஆம்பிளை சொல்லிப்போட்டார்.”

“நல்லது அங்கிள்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜாக்கை இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் நட் இறுக்கும்போது தோளுக்குப் பின்னாலேயே நின்றார். முன் சில்லைத் திரும்பவும் இறுக்கச் சொன்னார். இறுக்கினாள். கடைசியில், மணலுக்கு எவ்வளவு காற்று, ஹைவேக்கு எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதி நீட்டினாள். வாங்கி, படிக்காமலே சட்டைப் பையில் வைத்தார்.

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பிக்கப்பில் ஏறி இருந்ததும் நன்றி சொல்ல நினைத்து சண்முகநாதனுக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, உங்களாலதான் நம்பிப் போட்டனான்.”

“பூட்டியாச்சோ?”

“ஓம்.”

“நாலும்?”

“நாலும்தான். ஏன் அண்ணை?”

“அப்ப இனிச் சொல்லலாம். நான் எஞ்சின்காரன், எனக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்? ரயர் எண்டால் நான் எப்பவும் மோர்னிங்சைட்டில சாம்பவியைத்தான் கேக்கிறது. இண்டைக்குக் கேட்டவுடன அவ என்ன சொன்னவ தெரியுமே? ‘அந்த அங்கிள் என்ர கடை வாசலிலதான் நிக்கிறார். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ, பிறகு போடமாட்டார். என்னட்ட வாங்காட்டிலும் பறவாயில்லை, அந்தப் பல்லு ரயரோட மழைக்குள்ள ஹைவேயில ஏற மட்டும் விட்டிடாதேங்கோ’ எண்டவ.”