பலகை யார் கையில்

கங்காணியின் சைக்கிள் மணி கேட்டதும் கிழவன் கூடையை வரப்பில் போட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, கிழவி கையிலிருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டான்.

உப்பளத்தில் ஆம்பளை பலகையால் உப்பை வாருவான், பொம்பளை கூடையில் சுமப்பாள். யார் வைத்த சட்டமோ, அதை மாற்ற எவனுக்கும் துணிச்சல் கிடையாது. போன வருஷம் பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று கூடை தூக்கின ஒருத்தனுக்குக் கூடைக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் உப்பளத்தை விட்டே போய்விட்டான்.

உப்பு வார ஆம்பளை இல்லாத பாத்தியைக் கங்காணி மறுநாளே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான்.

கிழவனுக்கு மழைக்காலத்தோடு வலது தோள் போய்விட்டது. நீளக் கழியைப் பிடித்துப் பலகையை இழுக்க முடியாது. கழுத்து மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. அதனால் மற்றவர்கள் வருமுன், விடிந்தும் விடியாமலும், இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். அவள் வாருவாள். அவன் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவான். வெளிச்சம் வந்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இன்றைக்கு இந்தப் பயல் முன்னாலேயே வந்து தொலைத்தான். எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். பக்கத்துப் பாத்திக்காரனாகத்தான் இருக்கும். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை நம்பவே கூடாது.

கங்காணி வரப்பில் நடந்து வந்தான். கிழவனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கிழவியை.

"ஒரு இழுப்பு இழுங்க பெரியவரே, பாப்போம்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடி பிடிச்ச கழி தம்பி இது."

இழுத்தான். தோளில் சூடு வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. பலகை தரையைச் சுரண்டி, உப்போடு கறுப்பாகச் சேறும் வந்தது.

பக்கத்தில் கிழவி வாரிக் குவித்தது வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"அது வெள்ளையா இருக்கு. இது கறுப்பா வருதே."

"நீ முறைச்சுக்கிட்டு நின்னா கை எப்படி ஓடும்?"

கிழவி கண்ணைக் கண்ணைக் காட்டினாள். புருவத்தை மேலே மேலே தூக்கினாள். பாவம், பயந்துவிட்டாள் என்று கிழவன் நினைத்தான். நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டான்.

கங்காணி பலகையைப் பார்க்கவில்லை, சேற்றையும் பார்க்கவில்லை. கிழவனின் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். வாயோரம் துடித்தது. கோபத்தை அடக்குகிறான். போச்சு, பிழைப்பில் மண் விழுந்தது.

கங்காணி ஒரு தரம் இருமினான்.

"சரி. இந்தப் பாத்தி இந்த வருஷமும் உங்க ரெண்டு பேருக்குத்தான். வெயில் ஏறப்போகுது, தலையைப் பாத்துக்கங்க பெரியவரே."

சைக்கிள் கிளம்பிவிட்டது.

கிழவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். போன மூச்சு திரும்பி வந்தது. உப்புக் காற்றுகூட இனிப்பாக இருந்தது.

"எப்படி ஏமாந்துட்டுப் போறான் பாத்தியா? ஆம்பளை நிக்கிற தோரணையில நின்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

கிழவி கிட்டே வந்தாள். அவன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து அவன் மடியிலேயே போட்டாள். அவளுடைய பழைய பூப்போட்ட துணி. கூடை அழுத்தி அழுத்தி வட்டமாகத் தட்டையாகி, உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிழவன் சும்மாட்டைப் பார்த்தான். தூரத்தில் போகும் சைக்கிளைப் பார்த்தான். கங்காணி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நன்றாக விடிந்துவிட்டது. பக்கத்துப் பாத்திகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

கிழவன் எழுந்தான். பலகையை அவளிடம் நீட்டினான். சும்மாட்டை உதறி, சுருட்டி, மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டான்.

"தூக்கி விடு. கூடைக்காரிக்கு நேரமாச்சு."